‘1024×768-ல் பார்க்கவும்’: ஒரு வரியின் மீது சில விமர்சனங்கள்

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு ஏதாவது ஒரு இணையதளத்தின் அடிவரை இறங்கிப் போனால் அங்கே ஒரு வரி இருக்கும்: இந்தத் தளத்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில், 1024×768 திரையளவில் பார்ப்பது சிறந்தது. அரசுத் தளம், கல்லூரித் தளம், திருப்பூர் பனியன் கம்பெனியின் தளம் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. இன்று அந்த வரி அநேகமாகக் காணாமல் போய்விட்டது. அதை எழுத வைத்த மனப்போக்கு மட்டும் அப்படியே இருக்கிறது என்பதுதான் இந்தக் குறிப்பில் நான் சொல்ல வருவது. பழைய பிரவுசர், புதிய பிரவுசர் இரண்டிலும் பக்கத்தை ஒழுங்காக நிற்க வைப்பதை நாம் தொழில்நுட்ப வேலையாக மட்டுமே பார்க்கிறோம். யாரை உள்ளே விடுகிறோம், யாரை வாசலோடு அனுப்புகிறோம் என்ற கேள்வியும் அதுக்குள்ள இருக்கு.

வரி யார் மேல் பழி போடுகிறது?

மேலோட்டமாகப் பார்த்தால் அது ஒரு உதவிக் குறிப்பு. அர்த்தம் வேறு: "பக்கம் உடைஞ்சு தெரிஞ்சா அது உங்க கம்ப்யூட்டரோட கோளாறு, எங்க வேலையில குறை இல்லை." செய்தவர் முடிக்காமல் விட்ட வேலை வாசகரின் தலையில் ஏறிவிடுகிறது.

இந்த வரியைத் திருப்பூரில் பார்ப்பது எனக்குக் கூடுதல் வினோதமாகப் படும். ஏனென்றால், நீளும் சுருங்கும் பொருளை வைத்துத் தொழில் செய்யும் ஊர் இது. பின்னல் துணி தகடு மாதிரி கிடையாது. ரோலில் இருந்து பிரித்ததும் நேராக வெட்டிவிட மாட்டார்கள். சில மணி நேரம் தளர விட்டுத்தான் கட்டிங் டேபிளில் விரிப்பார்கள். துவைத்தால் எவ்வளவு சுருங்கும், பக்கத் தையல் எவ்வளவு முறுக்கிக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே பார்த்துத்தான் பேட்டர்ன் போடுவார்கள். பையர் அனுப்பும் மெஷர்மெண்ட் சார்ட்டில் ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் ‘டாலரன்ஸ்’ என்று ஒரு கட்டம் உண்டு. மார்பு அகலம் இவ்வளவு, கூடக் குறைய இவ்வளவு வரை சரி என்று அதில் எழுதியிருக்கும். இந்த ஊரில் எந்த செக்கிங் டேபிளிலும் "இந்த டி-ஷர்ட்டை 38 இஞ்ச் மார்பு உள்ளவர் மட்டும் அணிந்தால் சிறந்தது" என்று சீட்டு ஒட்டிச் சரக்கை அனுப்ப முடியாது.

அதே ஊரில் அதே கம்பெனிக்காகச் செய்த இணையப் பக்கத்தைப் பாருங்கள். தகரத்தை வெட்டின மாதிரி இருக்கும். அகலம் 980 பிக்சல், மெனுவின் உயரம் 40 பிக்சல், பெட்டியின் உயரம் 200 பிக்சல் என எல்லாம் இறுக்கிக் கட்டியது. டாலரன்ஸ் என்ற கட்டமே கிடையாது.

பெட்டிக் கணக்கு

நியாயமாகச் சொன்னால், அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் இப்படி இறுகிப்போனதற்குக் காரணம் இருந்தது. பிரவுசர்களுக்குள்ளேயே கணக்கு ஒத்துப்போகவில்லை.

ஒரு பெட்டிக்கு 200 பிக்சல் அகலம் கொடுக்கிறோம். உள்ளே இருபுறமும் 20 பிக்சல் இடைவெளி, சுற்றி 5 பிக்சல் கோடு. டபிள்யூ3சி விதிப்படி 200 என்பது உள்ளடக்கத்தின் அகலம் மட்டும். இடைவெளியும் கோடும் வெளியே சேர்ந்து மொத்தம் 250 ஆகும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-ல் அந்த 200-க்குள்ளேயே எல்லாம் அடக்கம்; உள்ளடக்கத்துக்கு மிஞ்சுவது 150தான். ஒரே வரி நிரலுக்கு 50 பிக்சல் வித்தியாசம். இரண்டு பத்திப் பக்கமாக இருந்தால், ஒரு பிரவுசரில் பக்கத்தில் நிற்கும் பத்தி இன்னொன்றில் கீழே விழுந்துவிடும்.

2001-ல் வந்த ஐ.ஈ. 6 இதைச் சரிசெய்தது, ஒரு நிபந்தனையோடு. பக்கத்தின் முதல் வரியில் டாக்டைப் அறிவிப்பு முறையாக இருந்தால் புதுக் கணக்கு. இல்லாவிட்டால் பழைய கணக்கு. அந்த அறிவிப்புக்கு முன்னால் எக்ஸ்எம்எல் வரி ஒன்று இருந்தாலே போதும், ஐ.ஈ. 6 பழைய கணக்குக்குத் திரும்பிவிடும். இது போக, இடப்பக்கம் மிதக்கவிட்ட பெட்டிக்கு இடது ஓரத்தில் கொடுத்த இடைவெளியை இரட்டிப்பாக்கும் பிழை வேறு. அந்தப் பெட்டிக்கு ‘டிஸ்ப்ளே: இன்லைன்’ என்று ஒரு வரி சேர்த்தால் அது சரியாகிவிடும். ஏன் சரியாகிறது என்று கேட்டால் தர்க்கரீதியான பதில் கிடையாது.

இந்த வைத்தியங்களை அப்போது ‘ஹேக்’ என்று பெருமையாகச் சொல்வோம். அவற்றில் பெரும்பாலானவை ஒரு பிழையைச் சரிசெய்ய இன்னொரு பிழையை நம்பின. ஐ.ஈ. 6 மட்டும் புரிந்துகொள்ளும் தவறான ஒரு தேர்வியை எழுதி, அதற்குள் ஐ.ஈ. 6-க்கான அளவைப் போடுவது மாதிரி. அடுத்த பதிப்பில் இரண்டில் ஒரு பிழை மட்டும் திருத்தப்பட்டால் பக்கம் மறுபடி உடையும். 2006-ல் ஐ.ஈ. 7 வந்தபோது பல தளங்களில் இதுதான் நடந்தது.

அந்த வைத்தியங்களில் நேர்மையானது என்று நான் நினைப்பது ‘கண்டிஷனல் கமெண்ட்’ முறை. பழைய ஐ.ஈ.-க்கான திருத்தங்களைத் தனி ஃபைலில் வைத்து, அந்தப் பதிப்புக்கு மட்டும் பரிமாறுவது. மற்ற பிரவுசர்களுக்கு அது வெறும் குறிப்பு. ஒரு நாள் அந்தப் பிரவுசர் போய்விட்டால் ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடலாம், மூல நிரலில் தழும்பு இருக்காது. ஐ.ஈ. 10-ல் மைக்ரோசாஃப்ட் இந்த வசதியையே எடுத்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐ.ஈ. 5-ன் பெட்டிக் கணக்கைத் ‘தவறு’ என்று உலகமே திட்டியது. பின்னாளில் ‘பாக்ஸ்-சைஸிங்: பார்டர்-பாக்ஸ்’ என்ற பெயரில் அதே கணக்கு முறைப்படி தரத்துக்குள் வந்தது. இன்று அநேகமாக எல்லா ஸ்டைல்ஷீட்டிலும் முதல் வரியே அதுதான். நீளமான சொல்லை உடைக்கும் ‘வேர்ட்-ராப்’ விதியும் மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்தது. பழைய பிரவுசர் என்றால் முட்டாள், புதியது என்றால் அறிவாளி என்று பிரிக்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிரச்சினை கணக்கு தவறா சரியா என்பதைவிட, ஆளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்ததுதான்.

தமிழுக்கு மட்டும் தனியாக ஒரு அடி

ஆங்கிலப் பக்கத்துக்குப் பெட்டி உடைந்தால் போதும். தமிழ்ப் பக்கத்துக்கு எழுத்தே உடையும்.

யூனிகோடுக்கு முந்தைய நாட்களில் டிஸ்கி, டாப், டாம் என்று பல குறியேற்றங்கள், அது போக ஒவ்வொரு பத்திரிகைக்கும் சொந்த எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டாப், டாம் இரண்டையும் தரமாக எடுத்துக்கொண்டது. 2010-ல்தான் யூனிகோடு அரசின் தரமாக ஆனது. நடுவில் ஓடிய பத்து வருடங்களில் "ஃபான்ட்டை டவுன்லோடு செய்யுங்கள்" என்ற இணைப்பு இல்லாத தமிழ்த் தளம் அபூர்வம். டைனமிக் ஃபான்ட் என்றொரு வழியும் இருந்தது: ஐ.ஈ.-க்கு ஒரு ஃபைல், நெட்ஸ்கேப் 4-க்கு வேறு ஃபைல். நெட்ஸ்கேப் 6 வந்தபோது அந்த இரண்டாவது ஃபைலை அது படிக்கவே இல்லை. பிரவுசரைப் புதுப்பித்தவருக்குப் பரிசாகக் கிடைத்தது புரியாத எழுத்துக் குவியல்.

யூனிகோடு வந்த பிறகும் அடி நிற்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி-யில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான ஆதரவைத் தனியாக டிக் செய்து, சி.டி. போட்டு நிறுவ வேண்டியிருந்தது. பயர்பாக்ஸில் இன்னொரு கூத்து. 2008-ல் வந்த பயர்பாக்ஸ் 3-க்கு முந்தைய பதிப்புகளில், பத்தியின் இரு ஓரத்தையும் சமமாக்கும் ‘ஜஸ்டிஃபை’ விதி இருந்தால் தமிழ் சிதறிவிடும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். அழகுக்காகப் போட்ட ஒரே ஒரு வரி ஒரு பத்தியையே படிக்க முடியாததாக ஆக்கியது. அதே பக்கம் ஐ.ஈ.-யில் சரியாகத் தெரிந்ததால் செய்தவருக்கு விஷயமே தெரியாது.

செல்போன் பக்கம் வந்தால், பழைய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. அப்போது கைகொடுத்தது ஓபரா மினி. அதன் அமைப்புப் பக்கத்தில் ஒரு விருப்பத்தை மாற்றினால், தமிழ் எழுத்தை சர்வரிலேயே படமாக மாற்றி அனுப்பும். டேட்டா கொஞ்சம் கூடும், ஆனா படிக்க முடிஞ்சது. அந்தக் குறிப்பை நண்பருக்கு நண்பர் சொல்லிக்கொடுத்துப் பரப்பினார்கள். தளம் நடத்தியவர்கள் செய்திருக்க வேண்டிய வேலையை வாசகர்களே செய்துகொண்ட காலம் அது.

ஆபீஸ் மூலையில் நிற்கும் அந்தக் கம்ப்யூட்டர்

இனி இன்றைய நிலைமை. திருப்பூரில் ஒரு நடுத்தர ஏற்றுமதி ஆபீஸிலோ ஜாப் ஒர்க் யூனிட்டிலோ நுழைந்தால், கணக்கர் மேஜைக்குப் பக்கத்தில் யாரும் தொடாத ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதைப் பார்க்கலாம். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட வேண்டாம், அதற்கு வரலாறு இருக்கிறது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகிக் கையெழுத்துப் போட, பல அரசுச் சேவைத் தளங்கள் ஐ.ஈ.-யின் ஆக்டிவ்எக்ஸையோ ஜாவா ஆப்லெட்டையோதான் நம்பியிருந்தன. குரோம் 2015-ல் பதிப்பு 45-லும், பயர்பாக்ஸ் 2017-ல் பதிப்பு 52-லும் அந்தப் பழைய ப்ளக்-இன் வழியை மூடின. ஐ.ஈ. 11-ஐ மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ல் ஓய்வு கொடுத்து அனுப்பியது. எட்ஜ் பிரவுசருக்குள் ‘ஐ.ஈ. மோடு’ என்று ஒன்றை மட்டும் குறைந்தது 2029 வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறது. அத்தனை பேர் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருப்பதால்தான்.

ஒரு முறை வேலை செய்த அமைப்பைத் தொட்டுக் கெடுத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்? ஷிப்மெண்ட் நாளில் கையெழுத்து விழவில்லை என்றால் நஷ்டம் கணக்கருடையது. "அந்த சிஸ்டத்தை மட்டும் அப்டேட் போட்றாதீங்க" என்பது அனுபவத்தில் பிறந்த எச்சரிக்கை. அரசுத் தளங்களுக்கான வழிகாட்டுநெறிகள் 2009-லேயே வந்துவிட்டன. பல பிரவுசர்களில் சோதிக்க வேண்டும் என்பது அதிலும் உண்டு. எழுதி வைத்த விதிக்கும் கணக்கர் மேஜைக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் அந்த மூலைக் கம்ப்யூட்டர் காட்டுகிறது.

இன்னொரு விதமான தளமும் இருந்தது. முழுக்க ஃப்ளாஷில் செய்த கம்பெனித் தளம்: நூல்கண்டு உருண்டு வரும், இசை கேட்கும், லோகோ சுழலும். அடோப் ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31-ல் முடிந்தது. அதன் பிறகு முகவரி, போன் நம்பர் உட்பட எல்லாம் கறுப்புப் பெட்டிக்குள் போனது. அலங்காரத்துக்குள் செய்தியைப் புதைத்தால் அலங்காரம் சாகும்போது செய்தியும் கூடவே போகும்.

இன்றைய ஐ.ஈ. 6 எது?

"இப்பதான் எல்லாருமே குரோம் வச்சிருக்காங்களே" என்று சொல்வார்கள். எந்தக் குரோம் என்பதுதான் கேள்வி. விண்டோஸ் எக்ஸ்பி-க்குக் கடைசியாக வந்தது குரோம் 49. விண்டோஸ் 7-க்குக் கடைசி குரோம் 109, 2023 ஜனவரி. அந்த மூலைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 ஓடினால் அதன் குரோம் 109-லேயே நின்றுவிட்டது, அதற்கு மேல் ஏறாது.

ஸ்டைல்ஷீட்டில் விதிக்குள் விதியை அடுக்கி எழுதும் ‘நெஸ்டிங்’ வசதி குரோம் 112-ல் வந்தது. அதை நேரடியாக நம்பி எழுதிய பக்கத்தை 109-ல் திறந்தால் உள்ளே அடுக்கிய விதிகள் செல்லாது. சில இடங்களில் பக்கத்து விதியையும் சேர்த்து விழுங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பக்கம் மட்டும் கலைந்து கிடக்கும். 2001-ல் பெட்டி உடைந்ததற்கும் இதற்கும் வாசகர் பார்வையில் என்ன வித்தியாசம்?

இதைவிட நுணுக்கமான ஒன்று. ஃப்ளெக்ஸ் அமைப்பில் பெட்டிகளுக்கு நடுவே ‘கேப்’ விடும் வசதி குரோமில் 84-லும் (2020), சஃபாரியில் 14.1-லும் (2021) வந்தது. அதற்கு முந்தைய ஐபோனில் பொத்தான்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ‘@சப்போர்ட்ஸ்’ போட்டுச் சோதிக்கலாமே என்றால் அதுவும் ஏமாற்றும். கிரிட் அமைப்பில் கேப் ஏற்கெனவே இருப்பதால், பிரவுசர் "தெரியும்" என்றே பதில் சொல்லும். இங்கே பழைய மார்ஜினைக் கொண்டே இடைவெளி விடுவதுதான் பத்திரமான வழி.

‘ஐ.ஈ.-யில் பார்க்கவும்’ என்ற வரி ‘என் லேப்டாப் குரோமில் ஓகே’ என்று வேஷம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முன்பாவது அந்த வரியை எழுதிவைக்கும் நேர்மை இருந்தது.

தமிழில் போட்டுப் பாருங்கள்

இன்று திருப்பூர்ப் பக்கங்களில் நான் காணும் பெரிய குறை பிரவுசரில்கூட இல்லை. ஆங்கிலத்தில் வடிவமைத்து, ஆங்கிலத்தில் சோதித்து, கடைசியில் தமிழைக் கொண்டுவந்து ஊற்றுவதில் இருக்கிறது. அதனால் பிரவுசர் வித்தியாசங்கள் எல்லாம் தமிழில்தான் முதலில் வெடிக்கின்றன.

ஆங்கிலத்தில் ‘அப்ளை’ ஐந்து எழுத்து. தமிழில் ‘விண்ணப்பிக்கவும்’ ஒன்பது எழுத்து, ஒவ்வொன்றும் அகலமானது. பொத்தானுக்கு அகலமும் உயரமும் இறுக்கியிருந்தால் சொல் வெளியே வழியும், அல்லது இரண்டாம் வரி பாதி வெட்டுப்படும். வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு ஏற்ற மாதிரி நெருக்கி வைத்தால் ‘கீ’யின் மேல் சுழியும் ‘மூ’வின் கீழ் வாலும் அறுபடும். எழுத்துருவும் போனுக்குப் போன் மாறும் என்பதால், ஒரு போனில் அறுபடாதது இன்னொன்றில் அறுபடும்.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடும் ‘லெட்டர்-ஸ்பேசிங்’ ஆங்கிலத் தலைப்புக்கு அழகு. தமிழில் க்ஷ, ஸ்ரீ போன்ற கூட்டெழுத்துகளை அப்போது எப்படி வைப்பது என்பதில் பிரவுசர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. சாய்வெழுத்தும் அப்படித்தான். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அது இல்லை. பிரவுசர் தானாகத் தள்ளிச் சாய்த்து வைக்கும்.

குறுகிய திரையில் நீளச் சொல் வழிகிறது என்று ‘வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல்’ போடுகிறார்கள். அது எங்கே வேண்டுமானாலும் வெட்டும். ‘சாயப்பட்டறை’யை ‘சாய’ என்று ஒரு வரியிலும் ‘ப்பட்டறை’ என்று அடுத்த வரியிலும் விட்டுவிடும். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்பது அச்சுக்கோப்பவர்கள் காலத்திலிருந்து வரும் பழக்கம். ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ விதி சொல் உண்மையிலேயே அடங்காதபோது மட்டும் உடைக்கும், அது பரவாயில்லை. அடிக்கடி வரும் நீளச் சொற்களில் உடையவேண்டிய இடத்தை நாமே மறை இணைக்கோட்டால் குறித்துவிடுவது இன்னும் நல்லது. அது பழைய ஐ.ஈ.-யிலும் வேலை செய்யும், புதிய குரோமிலும் வேலை செய்யும்.

இவையெல்லாம் கண்ணை உறுத்தும் குறைகள். இப்போது சொல்லப் போவது ஆபத்தானது.

இடம் போதாதபோது வரியை வெட்டி மூன்று புள்ளி வைக்கும் பழக்கம் எல்லா இடத்திலும் பரவியிருக்கிறது. ஆங்கில வாக்கியத்தில் மறுப்பு முன்னாலேயே வந்துவிடும். ‘நோ சண்டே ஷிஃப்ட்’ என்பதில் கடைசிச் சொல் வெட்டுப்பட்டாலும் ‘நோ’ மிஞ்சும். தமிழில் வினையும் மறுப்பும் கடைசியில்தான் வரும். "ஞாயிறு ஷிஃப்ட் கிடையாது" என்ற அறிவிப்பு குறுகிய திரையில் "ஞாயிறு ஷிஃப்ட்…" என்று நிற்கும். "தங்கும் இடத்துக்குப் பிடித்தம் இல்லை" என்பது "தங்கும் இடத்துக்குப் பிடித்தம்…" என்று ஆகும். அகலத் திரையில் சோதித்தவருக்குச் சரி. சின்னப் போனில் படிப்பவருக்கு நேர் எதிர்ப் பொருள். ஒரு லேஅவுட் விதி வாக்கியத்தின் பொருளையே புரட்டிப்போடும் இடம் இது. தமிழ் அறிவிப்புகளில் அந்த மூன்று புள்ளி விதிக்கு இடமே இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

இந்த வட்டாரத்தில் வேலை செய்பவர்களில் ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களில் இருந்து வந்தவர்களும் ஏராளம். இந்தியிலும் வினை கடைசிதான், ஒடியாவிலும் வினை கடைசிதான். ஒடியாவில் எழுத்துக்குக் கீழே எழுத்து அடுக்கி வரும், வரி உயரம் தமிழைவிடவும் கூடுதலாக வேண்டும். தமிழுக்காகத் தளர்த்திய பெட்டி அவர்களுக்கும் உதவும்.

எதிர்வாதங்கள்

"நம்ம தளம் வெளிநாட்டு பையருக்கு, அவங்ககிட்ட நல்ல கம்ப்யூட்டர் இருக்கும்" என்பது முதல் வாதம். அப்படியானால் அதே தளத்தில் ‘வேலைவாய்ப்பு’ பக்கம் எதற்கு? டெய்லர் தேவை, செக்கிங் ஆள் தேவை என்ற அறிவிப்பைப் படிப்பவர் பையரின் லேப்டாப்பில் படிக்க மாட்டார். பஸ்ஸில் வரும்போது, விரிசல் விழுந்த கண்ணாடியுள்ள போனில் படிப்பார்.

இரண்டாவது, செலவு. இது நியாயமான கவலை. ஒரே ஒரு வடிவமைப்பாளரை வைத்துக்கொண்டு பத்துப் பிரவுசரில் அச்சு அசலாக ஒரே மாதிரி கொண்டுவர முடியாது. நானும் அதைக் கேட்கவில்லை. ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்ற ஆசைதான் செலவைக் கூட்டுவது. பழைய பிரவுசரில் ஓரம் வளைய வேண்டாம், நிழல் விழ வேண்டாம், இரண்டு பத்தி ஒரே பத்தியாக இருந்துவிட்டுப் போகட்டும். படிக்க முடிய வேண்டும், பொத்தான் அழுந்த வேண்டும். ஏற்றுமதி டி-ஷர்ட்டுக்கும் ஒவ்வொரு பீஸும் மில்லிமீட்டர் பிசகாமல் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லையே. எது எவ்வளவு பிசகலாம் என்று முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, "பழைய பிரவுசர் பாதுகாப்பில்லாதது, ஆதரிப்பதே தப்பு." பணம், கையெழுத்து, கடவுச்சொல் புழங்கும் பக்கத்துக்கு இது சரி, அங்கே கதவை மூடத்தான் வேண்டும். மூடும்போது காரணத்தைத் தமிழில் சொல்லி, வேறு வழி எது என்று காட்டினால் போதும். ஆனால் விடுமுறை அறிவிப்பையும் போன் நம்பரையும் படிக்கக்கூட இந்தக் காரணத்தைச் சொல்வது சாக்கு.

எந்த வரிசையில் சரிசெய்வது?

விமர்சனம் மட்டும் செய்துவிட்டுப் போகக் கூடாது என்பதால், உடைந்த பக்கம் ஒன்று கைக்கு வந்தால் நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் ஸ்டைல்ஷீட்டை முழுக்க அணைத்துவிட்டுப் படியுங்கள். தலைப்பு, செய்தி, முகவரி ஆகியவை அந்த வரிசையில் வருகிறதா? வரவில்லை என்றால் குறை பிரவுசரிடம் இல்லை. ஒரு பழைய பிரவுசர் பாதி விதிகளை விட்டுவிட்டால் வாசகர் பார்ப்பது கிட்டத்தட்ட இந்தக் கோலத்தைத்தான்.

அடுத்தது டாக்டைப், மொழிக் குறி, யூனிகோடு அறிவிப்பு. மூன்றும் மேலே ஒழுங்காக இருந்தாலே பாதிச் சிக்கல் தீரும். மொழி தமிழ் என்று குறிக்காத பக்கத்தில் மொழிக் குறியை நம்பியிருக்கும் விதிகளைப் பிரவுசரால் சரியாகப் பயன்படுத்த முடியாது.

பிறகு உயரம் என்று எழுதிய இடங்களைத் தேடிக் குறைந்தபட்ச உயரமாக மாற்றுங்கள். அகலம் என்று எழுதியதை அதிகபட்ச அகலமாக்குங்கள். வரி உயரத்தைப் பிக்சலில் சொல்லாமல் 1.6 மாதிரி விகிதமாகச் சொல்லுங்கள். பெரிய மாற்றம் எதுவும் செய்யாமலேயே பக்கம் தகரத்திலிருந்து துணியாக மாறத் தொடங்கும்.

நான்காவதாக, எளிய அமைப்பை எல்லோருக்கும் முதலில் எழுதி, கிரிட், நெஸ்டிங் போன்றவற்றை அதன் மேல் போர்த்துங்கள். பிரவுசர் பெயரைக் கேட்டுப் பிரிக்காதீர்கள், திறனைக் கேட்டுப் பிரியுங்கள். பெயர் பொய் சொல்லும். திறன்கூடச் சில சமயம் பொய் சொல்லும் என்பதை மேலே பார்த்தோம்; அந்த இடங்களைக் கையால் சோதிக்கத்தான் வேண்டும்.

கடைசியாக, சோதனைக்கு ஆங்கிலப் போலி வரிகளை வைக்காதீர்கள். நிஜ அறிவிப்பை வையுங்கள்: பி.எஃப். பிடித்தம், ஒன்றரை ஷிஃப்ட் கணக்கு, பஸ் நேரம். 360 பிக்சல் அகலத்தில், எழுத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, கையில் கிடைக்கும் பழைய போனில் திறந்து, அந்தப் பக்கத்தைச் செய்யாத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் வாக்கியத்தின் கடைசிச் சொல் வரை படித்துவிட்டால் வேலை முடிந்தது. நடுவில் நிறுத்தி "இதுக்கப்புறம் என்னங்க?" என்று கேட்டால், அலங்காரத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்த ஒரு பெட்டியை முதலில் சரிசெய்யுங்கள்.